கத்பர்ட் டியூக்ஸ்

கத்பர்ட் எஸ்குவயர் டியூக்ஸ் (ஜூலை 21, 1890 – பெப்ரவரி 3, 1977) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் நோயியலாளரும் நூலாசிரியரும் ஆவார். மலக்குடல் புற்றுநோய் உடலில் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதைக் கொண்டு அதை மூன்று நிலைகளாகப் பிரிக்கும் முறையை 1932-ஆம் ஆண்டு வெளியிட்டார். டியூக்ஸ் வகைப்பாடு என்று அழைக்கப்படும் இம்முறை அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் பயன்படுத்தப்பட்டது. இலண்டனில் உள்ள புனித மார்க் மருத்துவமனையின் முதல் நோயியலாளராக 1922 முதல் பல ஆண்டுகள் பணியாற்றினார். குடலில் தோன்றும் பாலிப்புகளுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்களில் இவர் முன்னோடி ஆவார். பரம்பரையாக வரும் குடல் பாலிப் நோய்க்கான பதிவகம் உருவாகவும் வளரவும் பங்களித்தார்.

பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் உள்ளதோ என ஐயுறப்படும் நோயாளியைக் காலந்தாழ்த்தாமல் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது இன்று மருத்துவத்தில் அடிப்படை விதியாக உள்ளது. நோயாளி எந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார் என்பதே அவர் பிழைக்கும் வாய்ப்பைப் பெருமளவு முடிவு செய்கிறது என்பதை எண்ணிக்கைகளால் தெளிவாக நிறுவியவர்களில் டியூக்ஸ் முதன்மையானவர்.

பிறப்பும் குடும்பமும்

டியூக்ஸ் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் உள்ள பிரிட்ஜ்வாட்டர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை எட்வின் ஜோஷுவா டியூக்ஸ் ஒரு கிறித்தவப் போதகர். இவருடைய உடன்பிறந்தோர் இருவர் வேறு துறைகளில் புகழ் பெற்றனர். மூத்தவரான ஆஷ்லி டியூக்ஸ் நாடக ஆசிரியரும் நாடகத் திறனாய்வாளரும் ஆவார். அவர் பாலே நடனக் கலைஞர் மரீ ராம்பெர்ட்டை மணந்தார். மற்றொரு அண்ணன் பால் டியூக்ஸ், உருசியப் புரட்சிக்குப் பின் அந்நாட்டில் பிரித்தானிய உளவாளியாகப் பணியாற்றி 1920-இல் சர் பட்டம் பெற்றார். கத்பர்ட் டியூக்ஸின் மனைவி எத்தலும் ஒரு மருத்துவரே.

கல்வியும் தொடக்ககாலப் பணியும்

டியூக்ஸ் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1914-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் முதலாம் உலகப்போர் தொடங்கியது. போரின்போது படை மருத்துவராகப் பணியாற்றினார். பிரித்தானியப் பேரரசின் ஓ.பி.ஈ. விருதும் இவருக்கு வழங்கப்பட்டது.

போருக்குப் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் பயிற்றுநராக இருந்தார். அக்காலத்தில் நுண்ணுயிரியலே இவருடைய முதன்மைத் துறையாக இருந்தது. அறுவைச் சிகிச்சையில் கிருமிநீக்க முறையைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1924-இல் வெளியிட்டார். உணவில் காணப்படும் நுண்ணுயிர்கள் பற்றிய இவருடைய நூல் 1925-இல் வெளிவந்தது.

புனித மார்க் மருத்துவமனை

டியூக்ஸ் 1922-இல் புனித மார்க் மருத்துவமனையில் நோயியலாளராகச் சேர்ந்தார். ஃபிரடெரிக் சால்மன் என்னும் அறுவை மருத்துவர் 1835-இல் இலண்டனின் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஏழு படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை இது. பவுத்திரம் முதலிய மலக்குடல் நோய்களால் துன்புற்ற ஏழைகளுக்காகவே இது ஏற்படுத்தப்பட்டது. 1854-இல் புனித மார்க் திருநாளன்று சிட்டி சாலையில் உள்ள கட்டடத்துக்கு மாறியதால் இப்பெயரைப் பெற்றது. டியூக்ஸ் பணியாற்றியது அந்தக் கட்டடத்தில்தான். 1995-இல் மருத்துவமனை அங்கிருந்து ஹாரோ பகுதிக்கு இடம் பெயர்ந்தது.

ஒரே உறுப்பின் நோய்களை மட்டும் கவனித்த சிறிய மருத்துவமனை என்பதால் ஒரே வகையான நோயாளிகள் தொடர்ந்து அங்கு வந்தனர். ஒரு பொது மருத்துவமனையின் நோயியலாளர் ஆண்டுக்குச் சில மலக்குடல் புற்றுநோய்களையே காண நேர்ந்த காலத்தில், டியூக்ஸ் அவற்றை நூற்றுக்கணக்கில் காணும் வாய்ப்பைப் பெற்றார். அங்கிருந்த ஜான் பெர்சி லாக்ஹார்ட்-மம்மரி அக்காலத்தின் முன்னணி மலக்குடல் அறுவை மருத்துவர்களில் ஒருவர். மலக்குடலின் உட்பகுதியை விளக்கொளியில் பார்க்க உதவும் சிக்மாய்டோஸ்கோப் என்னும் குழாய்க் கருவியைப் பிரித்தானியாவில் பரப்பியவர்களில் அவர் குறிப்பிடத்தக்கவர். டியூக்ஸின் தொடக்ககால ஆய்வுகள் பலவும் அவருடன் இணைந்து நடைபெற்றன.

அக்கால மருத்துவ நிலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலக்குடல் புற்றுநோய்க்குச் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சைகள் பெரும்பாலும் பயன் தரவில்லை. கட்டியைக் கீழிருந்து அகற்றிய பின்னரும் நோய் மீண்டும் வந்தது. இதை ஆராய்ந்த எர்னெஸ்ட் மைல்ஸ் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய் நிணநீர் நாளங்களின் வழியே மேலும் பக்கவாட்டிலும் கீழும் பரவுகிறது என்று கருதினார். எனவே வயிற்றின் வழியாகவும் கீழிருந்தும் மலக்குடல் முழுவதையும் மலவாயோடு சேர்த்து அகற்றும் முறையை 1908-இல் வெளியிட்டார். முதலில் அவர் அறிவித்த 12 நோயாளிகளில் 5 பேர் அறுவையைத் தொடர்ந்து இறந்தனர். பிழைத்தவர்கள் வாழ்நாள் முழுவதும் வயிற்றில் அமைக்கப்பட்ட செயற்கை மலவாயுடன் வாழ வேண்டியிருந்தது. ஆயினும் நோய் மீள்வது குறைந்ததால் அம்முறை பரவியது.

இவ்வளவு கடுமையான சிகிச்சை யாருக்குப் பயன் தரும், யாருக்குத் தராது என்பதைச் சொல்ல அப்போது நம்பத்தகுந்த அளவுகோல் இல்லை. ஒரு மருத்துவமனையின் முடிவுகளை மற்றொரு மருத்துவமனையுடன் ஒப்பிடவும் இயலவில்லை. தொடக்கநிலை நோயாளிகளை மட்டும் தேர்ந்து அறுவை செய்த மருத்துவரின் முடிவுகள் சிறப்பாகத் தோன்றின. முற்றிய நோயாளிகளையும் ஏற்றுக்கொண்ட மருத்துவரின் முடிவுகள் மோசமாகத் தோன்றின. இருவரில் யார் திறமையானவர் என்பதை அந்த எண்ணிக்கைகளிலிருந்து அறிய முடியவில்லை.

ஆய்வு முறை

டியூக்ஸின் ஆய்வு முறை எளிமையானது. ஆனால் மிகுந்த பொறுமையை வேண்டியது. அறுவை அறையிலிருந்து வந்த ஒவ்வொரு குடல் பகுதியும் விரித்துப் பதப்படுத்தப்பட்டது. அதைச் சூழ்ந்துள்ள கொழுப்புத் திசுவிலிருந்து நிணநீர் முடிச்சுகள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப்பட்டன. பல முடிச்சுகள் சிறு பயறளவே இருந்தன. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருந்தது என்பது வரைபடத்தில் குறிக்கப்பட்டு, அதில் புற்றுநோய் உள்ளதா என்பது நுண்ணோக்கியால் சோதிக்கப்பட்டது.

அதன் பின்னர் அந்த நோயாளி என்ன ஆனார் என்பதும் ஆண்டுதோறும் விசாரித்துப் பதிவு செய்யப்பட்டது. உடலிலிருந்து எடுக்கப்பட்ட திசுவை ஆராய்வதோடு நோயியலாளரின் வேலை முடிவதில்லை. அந்த ஆய்வு நோயாளியின் பிற்கால வாழ்வோடு பொருத்திப் பார்க்கப்பட வேண்டும் என்பதே இதன் அடிப்படை. இப்பணியில் இவருக்கு உறுதுணையாக இருந்தவர் எச். ஜே. ஆர். பஸ்ஸி. ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த பஸ்ஸி பல பத்தாண்டுகள் இப்பதிவேடுகளைப் பேணி, பின்னாளில் முனைவர் பட்டம் பெற்று, இத்துறையின் முன்னணி ஆய்வாளர்களில் ஒருவரானார்.

பாலிப்பும் புற்றுநோயும்

பாலிப் என்பது குடலின் உட்சுவரில் காளான் போலவோ சிறு மேடு போலவோ வளரும் திசு முளை ஆகும். அகற்றப்பட்ட குடல் பகுதிகளில் புற்றுக்கட்டிக்கு அருகே இத்தகைய முளைகள் அடிக்கடி காணப்படுவதை டியூக்ஸ் கவனித்தார். சில முளைகளின் ஒரு மூலையில் புற்றுநோய் தொடங்கியிருந்ததையும் நுண்ணோக்கியில் கண்டார். பெரும்பாலான மலக்குடல் புற்றுநோய்கள் இயல்பான திசுவில் திடீரெனத் தோன்றுவதில்லை, தீங்கற்ற முளையாகத் தொடங்கிப் படிப்படியாக மாறுகின்றன என்ற கருத்தை 1920-களின் நடுப்பகுதியில் முன்வைத்தார். லாக்ஹார்ட்-மம்மரியுடன் இணைந்து எழுதிய கட்டுரை ஒன்று 1928-இல் இக்கருத்தை மேலும் விளக்கியது.

இக்கருத்தின் முழுப் பயன் பின்னரே தெரிந்தது. வளையும் உள்நோக்கிக் கருவியின் வழியாகக் கம்பிக் கண்ணியைச் செலுத்திப் பாலிப்பை அறுத்தெடுக்கும் முறை 1969-இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃப் ஆகியோரால் செய்யப்பட்டது. வயிற்றைத் திறக்காமலே பாலிப்பை அகற்றிப் புற்றுநோய் வருவதையே தடுக்கலாம் என்னும் நிலை அதன் பின்னர் உருவானது. பாலிப் புற்றுநோயாக மாறும்போது மரபணுக்களில் அடுத்தடுத்து ஏற்படும் மாற்றங்களை பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர் 1988-இல் விளக்கினர்.

டியூக்ஸ் வகைப்பாடு

புற்றுநோய் எவ்வாறு பரவுகிறது என்பதை நூற்றுக்கணக்கான குடல் பகுதிகளில் கண்ட டியூக்ஸ், அதில் ஓர் ஒழுங்கு இருப்பதை அறிந்தார். கட்டி முதலில் குடலின் உட்சுவரில் வளர்கிறது. பின்னர் தசை அடுக்கைத் துளைத்து வெளியேறுகிறது. பெரும்பாலும் அதன் பின்னரே நிணநீர் முடிச்சுகளை அடைகிறது. அம்முடிச்சுகளிலும் கட்டிக்கு அருகில் உள்ளவை முதலிலும், குருதிக் குழாயை ஒட்டி மேலே உள்ளவை பிறகும் பாதிக்கப்படுகின்றன. இந்த ஒழுங்கின் அடிப்படையில் 1932-இல் இவர் வெளியிட்ட வகைப்பாடு பின்வருமாறு:

- ஏ நிலை: புற்றுநோய் குடல் சுவருக்குள்ளேயே அடங்கியுள்ளது. நிணநீர் முடிச்சுகளில் நோய் இல்லை.
- பி நிலை: புற்றுநோய் குடல் சுவரைத் துளைத்துச் சுற்றியுள்ள திசுவுக்குள் சென்றுள்ளது. நிணநீர் முடிச்சுகளில் நோய் இல்லை.
- சி நிலை: நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியுள்ளது.

லாக்ஹார்ட்-மம்மரியும் 1920-களில் ஒரு மூன்று நிலைப் பகுப்பைப் பயன்படுத்தியிருந்தார். டியூக்ஸின் முறை நுண்ணோக்கி ஆய்வை அடிப்படையாகக் கொண்டதால் யார் செய்தாலும் ஒரே விடை கிடைக்கக்கூடியதாக இருந்தது. 1935-இல் வில்லியம் கேப்ரியல், பஸ்ஸி ஆகியோருடன் சேர்ந்து சி நிலையை இரண்டாகப் பிரித்தார். கட்டிக்கு அருகிலுள்ள முடிச்சுகள் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் சி1 என்றும், அறுவையின்போது குருதிக் குழாய் கட்டப்பட்ட இடம் வரையிலான முடிச்சுகளும் பாதிக்கப்பட்டிருந்தால் சி2 என்றும் பெயரிடப்பட்டன.

முடிவுகள்

டியூக்ஸும் பஸ்ஸியும் 1958-இல் வெளியிட்ட கட்டுரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டது. வேறு காரணங்களால் ஏற்பட்ட இறப்புகளைக் கணக்கில் கொண்டு திருத்திய பின்னர், அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டுகள் உயிர் வாழ்ந்தோரின் அளவு ஏ நிலையில் 100-க்கு ஏறத்தாழ 98 ஆகவும், பி நிலையில் ஏறத்தாழ 78 ஆகவும், சி நிலையில் ஏறத்தாழ 32 ஆகவும் இருந்தது. மூன்று பிரிவினருக்கும் அறுவை செய்தது ஒரே மருத்துவமனை. வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் அறுவையின்போது நோய் இருந்த நிலையே.

அங்கு அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏற்கெனவே சி நிலையை அடைந்திருந்தனர். ஏ நிலையில் இருந்தவர்கள் ஏழில் ஒருவர் அளவிலேயே இருந்தனர். அதாவது, ஏறத்தாழ முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய நிலையில் வந்தவர்கள் மிகச் சிலரே. அறுவை அறையில் எவ்வளவு திறமை கூடினாலும் இந்த விகிதத்தை மாற்ற இயலாது. அதை மாற்ற வேண்டுமானால் நோயாளி அறுவை மருத்துவரை அடைவதற்கு முந்தைய காலத்தில்தான் மாற்றம் ஏற்பட வேண்டும்.

இந்தத் தாமதத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. மலத்துடன் குருதி வெளியேறுவது இந்நோயின் பொதுவான அறிகுறி. மூலநோயிலும் இதே அறிகுறி தோன்றுவதால் நோயாளியும் சில வேளைகளில் மருத்துவரும் அதை மூலம் என்றே கருதிவிடுகின்றனர். மலங்கழித்தல் பற்றிப் பேசக் கூசுவதும், விரலால் மலக்குடலைச் சோதிக்கும் எளிய பரிசோதனை செய்யப்படாமல் விடுபடுவதும் தாமதத்தைக் கூட்டுகின்றன. விரலுக்கு எட்டும் தொலைவில் உள்ள கட்டிகளை எவ்விதக் கருவியும் இன்றி இப்பரிசோதனையால் உணர முடியும்.

மலவாயைக் காக்கும் அறுவைச் சிகிச்சை

டியூக்ஸின் வரைபடங்கள் மற்றொரு முக்கியமான பயனையும் தந்தன. புற்றுநோய் கீழ்நோக்கியும் பரவுகிறது என்ற மைல்ஸின் கருத்தால்தான் நோயாளிகள் மலவாயை இழந்து வந்தனர். ஆனால் டியூக்ஸ் ஆராய்ந்த குடல் பகுதிகளில் கட்டிக்குக் கீழே இருந்த முடிச்சுகள் மிக அரிதாகவே பாதிக்கப்பட்டிருந்தன. மேல்நோக்கிய நிணநீர் வழிகள் நோயால் அடைபட்ட பின்னரே அவ்வாறு நிகழ்ந்தது.

இதன் பொருள், மலக்குடலின் மேற்பகுதியில் உள்ள கட்டிகளுக்கு மலவாயை அகற்றத் தேவையில்லை என்பதாகும். கட்டியுள்ள பகுதியை மட்டும் நீக்கிக் குடலின் இரு முனைகளையும் இணைக்கும் முறையை அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் கிளாட் டிக்சன் செய்து 1948-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஜான் கோலிகர், டியூக்ஸ், பஸ்ஸி ஆகிய மூவரும் 1951-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு மலவாயைக் காத்த பின் நோய் அதே இடத்தில் மீள்வதற்கான காரணங்களை ஆராய்ந்தது. இத்தகைய ஆய்வுகளின் துணையால், பின்வந்த பத்தாண்டுகளில் நிலையான செயற்கை மலவாய் தேவைப்பட்ட நோயாளிகளின் அளவு குறைந்தது.

பாலிப் நோய்ப் பதிவகம்

சில குடும்பங்களில் இளம் வயதிலேயே பெருங்குடல் முழுவதும் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் தோன்றுகின்றன. குடும்பவழிப் பாலிப் நோய் எனப்படும் இந்நிலையில் குடலை அகற்றாவிட்டால் ஏறத்தாழ அனைவருக்கும் நடுத்தர வயதுக்குள் புற்றுநோய் வந்துவிடுகிறது. பாதிக்கப்பட்ட தாய் அல்லது தந்தையிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் இந்நோய் வருவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. இத்தகைய மூன்று குடும்பங்களைப் பற்றி லாக்ஹார்ட்-மம்மரி 1925-இல் எழுதினார். அக்காலத்தில் புனித மார்க் மருத்துவமனையில் தொடங்கிய பதிவகத்தை டியூக்ஸும் பஸ்ஸியும் வளர்த்தெடுத்தனர். இத்தகைய பதிவகங்களில் உலகின் மிகப் பழமையானதாக இது கருதப்படுகிறது.

ஒரு நோயாளி வந்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், குழந்தைகள் ஆகியோரின் விவரங்கள் சேகரிக்கப்பட்டுக் கொடிவழி வரைபடம் தயாரிக்கப்பட்டது. நோயறிகுறி எதுவும் இல்லாத உறவினர்களும் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். பஸ்ஸி இப்பதிவுகளைத் தொகுத்து 1975-இல் நூலாக வெளியிட்டார். அறிகுறியுடன் தாமாக வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குப் புற்றுநோய் ஏற்கெனவே தோன்றியிருந்தது. குடும்பப் பதிவின் வழியாக அழைத்துச் சோதிக்கப்பட்டவர்களில் மிகச் சிலருக்கே அது இருந்தது. அறிகுறிக்காகக் காத்திராமல் நோயைத் தேடிச் செல்வதன் பயனை இந்த வேறுபாடு காட்டியது. இந்நோய்க்குக் காரணமான ஏ.பி.சி. மரபணு 1991-இல் கண்டறியப்பட்டது.

நூல்களும் இறுதிக்காலமும்

டியூக்ஸ் குடல் நோய்களோடு சிறுநீர்ப் பாதை நோய்களையும் ஆராய்ந்தார். சிறுநீர்ச் சோதனை பற்றிய இவருடைய நூல் 1939-இல் வெளிவந்தது. சிறுநீர்ப்பைக் கட்டிகளின் வகைப்பாடு குறித்தும் எழுதியுள்ளார். புனித மார்க் மருத்துவமனையின் நோயியலாளர் பொறுப்பை 1956-இல் பாசில் மார்சன் ஏற்றார். மலக்குடல் புற்றுநோய் பற்றி டியூக்ஸ் பதிப்பித்த விரிவான நூல் 1960-இல் வெளியானது. பெப்ரவரி 3, 1977-இல் தம் 86-ஆம் வயதில் காலமானார்.

வகைப்பாட்டின் குறைகளும் மாற்றங்களும்

டியூக்ஸ் தம் முறையை மலக்குடலுக்காகவே வகுத்தார். பின்னர் பிறர் அதைப் பெருங்குடல் முழுவதற்கும் விரிவுபடுத்தினர். அமெரிக்காவில் 1949-இலும், 1954-இல் ஆஸ்ட்லர், காலர் ஆகியோராலும் மாற்றியமைக்கப்பட்ட வகைப்பாடுகள் வெளிவந்தன. அவற்றிலும் அதே எழுத்துகள் வேறு பொருளில் பயன்படுத்தப்பட்டதால் குழப்பம் ஏற்பட்டது. எடுத்துக்காட்டாக, சி1 என்பது டியூக்ஸின் முறையில் ஒன்றையும் ஆஸ்ட்லர்-காலர் முறையில் வேறொன்றையும் குறித்தது. கல்லீரல் போன்ற தொலை உறுப்புகளுக்குப் பரவிய நோயைக் குறிக்கும் டி நிலை டியூக்ஸ் வகுத்தது அன்று. அது 1967-இல் ரூப்பர்ட் டர்ன்புல் குழுவினரால் சேர்க்கப்பட்டது.

மூல வகைப்பாட்டுக்கு வேறு வரம்புகளும் உண்டு. அறுவைக்குப் பின்னரே நிலையை அறிய முடியும். எத்தனை முடிச்சுகள் பாதிக்கப்பட்டுள்ளன என்பதை அது கணக்கிடுவதில்லை. இக்காரணங்களால் கட்டி, நிணநீர் முடிச்சு, தொலைப்பரவல் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிக்கும் டி.என்.எம். முறை பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. எனினும் புதிய முறையின் முதல், இரண்டாம், மூன்றாம் நிலைகள் டியூக்ஸின் ஏ, பி, சி நிலைகளோடு பெரும்பாலும் ஒத்துள்ளன. அறுவைக்குப் பின் மருந்துச் சிகிச்சை அளிப்பதால் உயிர் வாழும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 1990-இல் காட்டிய புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வின் முதன்மை முடிவும் டியூக்ஸ் சி நிலையிலிருந்த பெருங்குடல் புற்றுநோயாளிகளைப் பற்றியதே.

நோயாளிகளைப் பரிந்துரைத்தலில் தாக்கம்

ஏ நிலையில் வரும் நோயாளிகளின் விகிதத்தைக் கூட்டுவதே பின்னாளைய மருத்துவத் திட்டங்கள் பலவற்றின் நோக்கமாயிற்று. இவை இரண்டு வகைப்படும். ஒன்று, அறிகுறி இல்லாதவர்களிடம் நோயைத் தேடுவது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத குருதியைக் கண்டறியும் சோதனையைத் தொடர்ந்து செய்தால் இந்நோயால் ஏற்படும் இறப்புகள் குறைகின்றன என்பதை 1993-இல் வெளியான மினசோட்டா ஆய்வும், 1996-இல் வெளியான நாட்டிங்ஹாம் ஆய்வும் காட்டின. இங்கிலாந்தில் தேசிய அளவிலான முன்சோதனைத் திட்டம் 2006-இல் தொடங்கியது. 2019-இல் அதில் மேலும் நுட்பமான ஃபிட் என்னும் மலச் சோதனை புகுத்தப்பட்டது.

மற்றொன்று, அறிகுறி உள்ளவர்களை விரைந்து அனுப்புவது. மலத்தில் குருதி, மலங்கழிக்கும் பழக்கத்தில் நீடித்த மாற்றம், இரும்புச்சத்துக் குறைவால் ஏற்படும் குருதிச்சோகை, காரணமற்ற எடைக் குறைவு, வயிற்றிலோ மலக்குடலிலோ தட்டுப்படும் கட்டி ஆகியவை கவனிக்கப்பட வேண்டியவை. புற்றுநோய் ஐயம் உள்ளவர்களைச் சிறப்பு மருத்துவர் இரண்டு வாரங்களுக்குள் பார்க்க வேண்டும் என்னும் நெறி, பெருங்குடல் நோயாளிகளுக்கு இங்கிலாந்தில் 2000-இல் நடைமுறைக்கு வந்தது. 2023 அக்டோபரில் அது கைவிடப்பட்டு, பரிந்துரைக்கப்பட்ட 28 நாட்களுக்குள் நோய் உண்டா இல்லையா என்ற விடையை நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் நெறி அதன் இடத்தைப் பெற்றது. சிறப்பு மருத்துவரைப் பார்ப்பதை விட விடையை அறிவதே நோயாளிக்கு முக்கியம் என்பது இம்மாற்றத்தின் பின்னுள்ள கருத்து.

அறிகுறிகளோடு அனுப்பப்படுவோரில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அனைவருக்கும் உடனே உள்நோக்கிச் சோதனை செய்தால் உண்மையில் நோயுள்ளவர் வரிசையில் பின்தங்க நேரிடும். எனவே 2023-இல் பிரித்தானிய வழிகாட்டுதல், அறிகுறியுள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு முதலில் ஃபிட் சோதனை செய்யுமாறு கூறியது. ஒரு கிராம் மலத்தில் 10 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈமோகுளோபின் இருந்தால் நோயாளி விரைவாக அனுப்பப்பட வேண்டும். மலக்குடலில் கட்டி தட்டுப்பட்டால் இச்சோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சோதனை முடிவு குறைவாக இருந்தாலும் மருத்துவருக்கு வலுவான ஐயம் இருந்தால் பரிந்துரையைத் தவிர்க்கக் கூடாது. அனுப்பப்படாதவர்களும் கைவிடப்படாமல் தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டும்.

அறிகுறிகள் நீடித்த காலத்துக்கும் நோயின் நிலைக்கும் எப்போதும் நேரான தொடர்பு இருப்பதில்லை. சில கட்டிகள் மெதுவாகவும் சில விரைவாகவும் வளர்கின்றன. எனவே விரைவான பரிந்துரை மட்டுமே எல்லாரையும் ஏ நிலையில் கொண்டு வந்துவிடாது. முன்சோதனையும், பாலிப்புகளை அகற்றுவதும், பரம்பரை நோயுள்ள குடும்பங்களைத் தொடர்ந்து கண்காணிப்பதும் அதனுடன் சேர வேண்டும். இம்மூன்றில் பின்னிரண்டுக்கும் டியூக்ஸின் ஆய்வகத்தில் நடந்த பணி நேரடியான அடித்தளமாகும்.

பெயர்க் குழப்பம்

மருத்துவத்தில் இதே பெயர் ஒலிக்கும் வேறு சொற்களும் உள்ளன. நான்காம் நோய் எனவும் வழங்கிய டியூக்ஸ் நோய் என்பது குழந்தைகளுக்கு வரும் ஒரு தோல் தடிப்பு நோயாகக் கருதப்பட்டது. அது ரக்பி பள்ளியின் மருத்துவராக இருந்த கிளெமென்ட் டியூக்ஸின் பெயரால் அழைக்கப்பட்டது. இதய உள்ளுறை அழற்சியைக் கண்டறியப் பயன்படும் டியூக் அளவைகள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்குகின்றன. இவ்விரண்டுக்கும் கத்பர்ட் டியூக்ஸுக்கும் தொடர்பு இல்லை.